பதில்: மாநாட்டுக் கட்டுரைகளும் பதவி உயர்வும்

வணக்கம். கணினி அறிவியல் விரிவுரையாளரான உங்களுடைய ஒன்பது கட்டுரைகளும் மாநாடுகளில் வந்தவை என்பதால் தேர்வுக் குழு அவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை என்றும், இனி ஆய்விதழ்களுக்கு மட்டுமே எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

மாநாடுகளை விட்டுவிட வேண்டாம். நம் துறையின் முன்னணி மாநாடுகள் முழுக் கட்டுரையையே மூன்று நான்கு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பி, பெரும்பாலானவற்றைத் திருப்பிவிடுகின்றன என்பது, மாநாடு என்றாலே அரைப்பக்கச் சுருக்கம் என்று பழகிய பிற துறைப் பேராசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவின் கணினி ஆராய்ச்சிச் சங்கம் 1999இல் வெளியிட்ட பதவி உயர்வு மதிப்பீட்டுக் குறிப்பு இதைத்தான் விளக்குகிறது. பேட்டர்சன், ஸ்னைடர், உல்மன் ஆகிய மூவர் எழுதிய அந்தக் குறிப்பை விண்ணப்பத்துடன் இணையுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, மாநாட்டுக்கு வந்தவை எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை என்பதை மாநாட்டுத் தொகுப்பின் முன்னுரையிலிருந்து எடுத்து ஒரே வரியில் எழுதுங்கள். (இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால் நான் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.)

அதோடு, வலுவான இரண்டு கட்டுரைகளை மட்டும் விரித்து ஆய்விதழுக்கு அனுப்பலாம். பல இதழ்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு புதிய உள்ளடக்கத்தை எதிர்பார்ப்பதால், இடமின்மையால் விட்டுப்போன நிரூபணங்களையும் கூடுதல் சோதனைகளையும் சேருங்கள். மாநாட்டு வடிவம் ஏற்கெனவே வெளிவந்ததை முதல் பக்க அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.