சின்ன ஊர்களில் உள்ள பெந்தெகொஸ்தே சபைகள் எப்படி வந்தன? எல்லாம் வெளிநாட்டுப் பணமா?

எல்லாச் சபைகளுக்கும் சேர்த்து என்னால் பதில் சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்தில் நான் வளர்ந்த சபையின் கதை தெரியும். அதன் மனை என் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படத்தை விற்று வாங்கியது.

பெந்தெகொஸ்தே வரலாற்றை 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து தொடங்குவார்கள். உலக அளவில் சரிதான். ஆனால் அதற்கு 46 வருடம் முன்பே, 1860-ல், எங்கள் பக்கத்து வத்திராயிருப்பை ஒட்டிய கிறிஸ்டியான்பேட்டையில் ஜனங்கள் அழுது பாவ அறிக்கை செய்தார்கள், பரிசுத்த ஆவி பேசவைப்பதாகப் பெந்தெகொஸ்தேக்காரர்கள் நம்பும் அந்நிய பாஷை பேசினார்கள். அதை நடத்திய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், மிஷன் சம்பளம் வேண்டாம் என்று ஊழியம் செய்தவர். இதை எங்கள் மாவட்டத்துக்காரர்களே பலர் அறியாதது எனக்கு வருத்தம்.

எங்கள் சபைக்கு வந்த வழி வேறு, அது இலங்கை வழி. கேரளத்தில் ராமன்குட்டியாகப் பிறந்து, இலங்கைக்குப் போய்க் கிறிஸ்தவரான பாஸ்டர் பால், 1920-களில் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். அது கடல் தாண்டி இங்கே வந்தது. இன்று தலைமையகம் தாம்பரம் பக்கம் இரும்புலியூரில். அதன் ஊழியர்கள் திருமணம் செய்யாமல், சம்பளம் இல்லாமல், வெள்ளுடையோடு விசுவாச வீட்டில் சேர்ந்து வாழ்பவர்கள்.

அங்கே இரட்சிக்கப்பட்ட ஒரு ஐயா பிறகு தனியாக ஊழியத்துக்கு வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஜெபக் கூட்டம் ஆரம்பித்தார். வந்தவர்கள் ஆறு பெண்கள், எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். முழுக்கு ஞானஸ்நானம் ஒரு தோட்டத்துக் கிணற்றில். தெருவில் 'அல்லேலூயா கூட்டம்' என்பார்கள். ஊர்க் கோயிலில் வாய் திறக்காத அந்தப் பெண்கள் இங்கே எழுந்து நின்று, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். சபை நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நகை போடக் கூடாது என்பது போதனை. ஆச்சி பாம்படத்தைக் கழற்றி, வீட்டில் யாரையும் கேட்காமல் விற்று, மூன்று சென்ட் வாங்கப் பணத்தைக் கொடுத்துவிட்டாள். தாத்தா ஒரு மாதம் பேசவில்லை. தோள் வரை தொங்கிய அவளுடைய வெறும் காது, கைத்தாளம் போட்டுப் பாடும்போது ஆடுவதைப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஓலைக் கொட்டகை, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ், இப்போது கான்கிரீட். வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய் வந்ததில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மருந்து எடுக்கக் கூடாது என்ற போதனையையும் அவள் அப்படியே நம்பினாள். சர்க்கரை வியாதி முற்றி ஒரு கண் போனது. அந்தப் போதனையை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சபைப் பத்திரம் பாஸ்டர் ஐயா பேரில் இருக்கிறது. கல்வெட்டிலும் ஆச்சி பேர் இல்லை. நகைக்கடைக்காரர் எடை எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் அவளுடைய பைபிளில் இன்னும் இருக்கிறது, அடைக்கலான் குருவிக்கு வீடு கிடைத்ததைச் சொல்லும் 84-ஆம் சங்கீதத்தின் பக்கத்தில்.