மண்டபத்தில் சனிக்கிரகம் ஏன் வழுக்குகிறது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை கேட்கிறார்: “போன் கெமராவில் தெரியும் இடத்திலேயே சூரியக் குடும்பம் நிற்பதுபோல் காட்டும் ஏஆர் செயலி எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நன்றாக ஓடுகிறது. பாடசாலை மண்டபத்தில் சனி வழுக்கிக்கொண்டே போகிறது. மைதானத்தில் பனிமூட்டம் வந்தால் காணாமலே போய்விடுகிறது. புதிய போன் வாங்க வேண்டுமா?”

வாங்காதீர்கள் டீச்சர். குறை பெரும்பாலும் இடத்தில்தான்.

போன் கெமராவால் மூலைகளையும் கறைகளையும் வெடிப்புகளையும் தேடிப் பிடிக்கிறது. அவை நகரும் விதத்தையும் உள்ளேயிருக்கும் அசைவு உணரிகள் சொல்வதையும் சேர்த்தே தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. இஸ்தோப்பில் வெடித்த சீமெந்து, விறகுக்கட்டு, செருப்பு என்று பிடிக்க எத்தனையோ உண்டு. மண்டபத்தில் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தரையும்தான். தரையில் தெரியும் ஜன்னலின் விம்பம் நீங்கள் நடக்கும்போது தானும் நகரும், போன் ஏமாந்துபோகும்.

பழைய பத்திரிகைத் தாள்களைத் தாறுமாறாக விரியுங்கள். ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரும் பாய் வேண்டாம். ஒரு கட்டத்தை இன்னொன்றென்று எண்ணிவிடும். ஜன்னல்களைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். தொடங்கும்போது நின்ற இடத்தில் சுழலாமல், ஓரிரு அடி பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். ரயிலில் போகையில் தண்டவாளத்தோரத் தேயிலை ஓடி மறைய, தூரத்து மலை கூடவே வருகிறதல்லவா? அந்த வித்தியாசத்தில்தான் போன் தூரத்தை அறிகிறது.

மைதானத்தில் தேயிலைச் சரிவைக் காட்டாதீர்கள். செடியெல்லாம் ஒன்றுபோல் இருக்கும், காற்றில் இலையும் அசையும். பனிமூட்டம் தூரத்தை அழித்தாலும் கிட்டத்துக் கல்லுக்கட்டு தெரியும். கெமராவை அதன் பக்கம் திருப்புங்கள். பிள்ளைகள் போனுக்குப் பின்னால் அரைவட்டமாக நிற்கட்டும். முன்னால் முண்டியடித்தால் அவர்களின் அசைவே கணக்கைக் குழப்பும். திரையில் கண் வைத்தவருக்கு வடிகான் தெரியாது, பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டும் மைதானத்துக்கே போகச் சொல்வேன். பூமியை 1 சென்ரிமீற்றர் உருண்டையாக வைத்தால் சூரியன் 1 மீற்றருக்குச் சற்று அதிகம். இரண்டுக்கும் இடையே சுமார் 117 மீற்றர். எந்த மண்டபமும் அதைக் காட்டாது. அவ்வளவு தூரம் நடந்தால் போனின் கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே சூரியனை ஓரிடத்தில் காட்டிவிட்டு, பிள்ளைகளைக் கயிற்றால் அளந்தபடி நடக்கவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் செயலியைப் புதிதாகத் தொடங்கிப் பூமியை வையுங்கள்.