தன்னைக் கடிந்துகொள்ளாத கவனம்: கேள்வி பதில்

இந்தக் கணத்தில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கும் முழுக்கவனப் பயிற்சியையும் (mindfulness) தன்னிடம் பரிவோடு நடந்துகொள்வதையும் பற்றிய கேள்விகளுக்கு மனநல ஆலோசகர் ஒருவர் அளிக்கும் பதில்கள்.

கேள்வி: காலையில் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்க உட்காருகிறேன். இரண்டு மூச்சுக்குள் அலுவலக நினைவு வந்துவிடுகிறது. எனக்கு இது வராது என்று விட்டுவிடலாமா?

விட வேண்டாம். மனம் ஓடுவது அதன் இயல்பு. ஓடியதை நீங்கள் கண்டுகொண்டீர்களே, அதுவே பயிற்சி. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-சின், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய திட்டம் பின்னர் எட்டு வாரப் பயிற்சியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, நிதானமாக மென்று உண்பது அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று. மனத்தை வெறுமையாக்கும்படி அதில் யாரிடமும் கேட்பதில்லை.

நான் உங்களிடம் அறிய விரும்புவது வேறொன்று. கவனம் திரும்பி வரும்போது உள்ளே எழும் குரல் எப்படிப்பட்டது? ‘சே, இதுகூட முடியவில்லையே’ என்று அது அதட்டுமானால், பத்து நிமிடமும் மூச்சோடு சேர்த்து அதட்டலையும் நீங்கள் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். பரிவு சேராத கவனம், நாளடைவில் தன்னிடம் குற்றம் காணும் வேலையாகவே மாறிவிடுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். ஆகவே ‘நினைவு ஓடிற்று’ என்று மட்டும் மனத்துக்குள் சொல்லிவிட்டு அடுத்த மூச்சுக்கு வாருங்கள். பத்து நிமிடம் பாரமாக இருந்தால் மூன்று நிமிடம் போதும். பாத்திரம் துலக்கும்போது நீரின் குளிர்ச்சியையும் கையின் அசைவையும் கவனிப்பதும் பயிற்சிதான்.

கேள்வி: நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். என்னை நானே திட்டிக்கொள்வதால்தான் இந்த அளவுக்காவது படிக்கிறேன். பரிவு காட்டினால் சோம்பேறியாகிவிட மாட்டேனா?

இந்த அச்சம் பரவலானது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் கண்டிப்பையே அக்கறையின் அடையாளமாகக் கண்டு வளர்ந்த நமக்கு அது இயல்பாகவே வரும். ஆனால் பிரிட்டனின் உளவியலாளர் பால் கில்பர்ட் விளக்குவதுபோல, வெளியிலிருந்து வரும் மிரட்டலுக்கு உடல் எப்படி இறுகிப் படபடக்கிறதோ, அப்படியே உள்ளிருந்து எழும் கடுஞ்சொல்லுக்கும் இறுகுகிறது. அந்த நிலையில் புத்தகத்தைத் திறப்பதைவிட அதைத் தள்ளிப்போடுவதே எளிதாக இருக்கும்.

உளவியலாளர்கள் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்றில், கல்லூரி மாணவர்களுக்குக் கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்று தரப்பட்டது. பிறகு ஒரு பிரிவினரிடம், இத்தகைய தேர்வில் தடுமாறுவது பலருக்கும் நேர்வதே என்றும் தங்களிடம் கடுமையாக இருக்க வேண்டாம் என்றும் கூறப்பட்டது. அடுத்த தேர்வுக்கு மற்றப் பிரிவினரைவிட அதிக நேரம் படித்தவர்கள் அவர்களே. எனவே மதிப்பெண் குறைந்த நாளில், ‘எந்தப் பகுதியில் விட்டேன், நாளை எதை முதலில் எடுப்பது?’ என்று உங்கள் தம்பியிடம் கேட்கும் தொனியில் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இது ஒரு மதப் பயிற்சியா?

இதன் வேர் பௌத்தத் தியான மரபில் உள்ளது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் வடிவத்தில் வழிபாடோ நம்பிக்கை உறுதிமொழியோ கிடையாது.

கேள்வி: வாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் மூன்றாவது முறை எழுப்பும்போது கத்திவிடுகிறேன். பிறகு விடியும்வரை அழுகிறேன். நான் இவ்வளவு கெட்டவளா அம்மா?

இல்லை அம்மா. தூக்கமில்லாத உடல் ஒன்று, தன் எல்லையைத் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கிறது. தன்னிடம் பரிவு என்பதை 2003-இல் முறையாக வரையறுத்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், அதில் மூன்று கூறுகள் இருப்பதாகச் சொன்னார்: துன்பத்தை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் உணர்தல், இது மனிதர் எல்லோருக்கும் நேர்வது என்று அறிதல், தன்னிடம் அன்பாக நடந்துகொள்ளுதல். உங்கள் இரவுக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

அழைப்புக் கேட்டதும் கட்டிலிலிருந்து இறங்கி, இரண்டு பாதங்களும் தரையில் பதிவதை உணருங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். ‘எரிச்சலாக இருக்கிறது, மிகவும் களைத்திருக்கிறேன்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொள்ளுங்கள். இந்நேரத்தில் எத்தனையோ வீடுகளில் உங்களைப்போல் ஒருவர் எழுந்து நடக்கிறார் என்பதை நினையுங்கள். பிறகு கையை நெஞ்சில் வைத்து, உங்கள் தோழிக்கு என்ன சொல்வீர்களோ அதை உங்களுக்குச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் ஆகும்.

அப்படியும் ஒருநாள் கத்திவிட்டால், காலையில் அவரிடம் வருத்தம் தெரிவியுங்கள். பரிவு பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாது. ஆனால் விடியும்வரை அழுவது உங்களுக்கும் அவருக்கும் எதையும் தராது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: வாரத்தில் சில இரவுகளைக் கணவரோ நாத்தனாரோ ஏற்க வேண்டும் என்று வாய்திறந்து கேளுங்கள். அந்த உதவி இல்லாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் உங்களைத் தாங்காது.

கேள்வி: என்னிடம் நானே அன்பாகப் பேச முயன்றபோது, சிறுவயதில் பட்டதெல்லாம் பொங்கி வந்து நெஞ்சு அடைத்தது. நான் செய்வது தவறா?

தவறில்லை. எரிகிற அறையின் கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டுத் தீ சீறுவதுபோல, நெடுநாள் பூட்டிய மனத்தில் அன்பு நுழையும்போது பழைய வலி வெளிவரக்கூடும். நெஃபுடன் இணைந்து எட்டு வாரப் பரிவுப் பயிற்சியை உருவாக்கிய கிறிஸ்டோபர் கெர்மர் இதைத் தனியே விளக்கியிருக்கிறார். அப்போது பயிற்சியை நிறுத்திவிடுங்கள். கண்ணைத் திறந்து, அறையில் உள்ள பொருள்களைப் பாருங்கள், பாதங்களுக்குக் கவனத்தைக் கொண்டுசெல்லுங்கள், வெந்நீர் அருந்துங்கள். அந்த வேளையில் உங்களுக்கு வேண்டிய பரிவு அதுவே. பழைய காயத்தைத் தனியாகத் திறக்காமல் பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு அணுகுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். இந்தப் பயிற்சியைத் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுப்பதற்காக சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகியோர் தனி முழுக்கவனச் சிகிச்சை முறை ஒன்றை உருவாக்கியுள்ளனர். அதற்கு நல்ல சான்றுகளும் உண்டு. ஆயினும் மாத்திரையைத் திடீரென விடுவது உடலையும் மனத்தையும் ஒருசேரக் குலைக்கக்கூடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, பயிற்சி தொடங்கியதைச் சொல்லி, அளவைக் குறைப்பதா தொடர்வதா என்பதை அவரோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள்.