அதிகாரத்த எந்தப் படியால அளக்க?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊரு ஆலங்குளம் பக்கம், பாளையங்கோட்டைல பிஎச்டி பண்ணுதேன். "பீடி சுத்தும் பெண்களின் அதிகாரம்"னு தலைப்பு. கைடு, "அதிகாரம்னா என்ன, அத எப்பிடி அளப்ப, எழுதிட்டு வா"ன்னாவ. டிக்‌ஷனரி பாத்து எழுதிட்டுப் போனேன், அப்பிடியே திருப்பித் தந்துட்டாவ. எங்க தப்பு?

பதில்: தாயி, டிக்‌ஷனரி ஒரு வார்த்தைக்கு இன்னொரு வார்த்தையத்தான் தரும், ஒன் கைடு கேட்டது அது இல்ல. ஒரு வீட்டுத் திண்ணைல போய் உக்காந்தா, எதப் பாத்து எதக் கேட்டு "இந்த அக்காவுக்கு அதிகாரம் இருக்கு"ன்னு எழுதுவ, அதச் சொல்லுன்னு கேட்டிருக்காவ.

நான் ஒரு காலத்துல சர்வே படிவத்தத் தூக்கிட்டு முக்கூடல் பக்கம் தெருத் தெருவா அலைஞ்சவன். ஒரு அக்கா மடில சொளவு, சொளவுல இலையும் தூளும், என்கிட்ட பேசிக்கிட்டே இருக்காவ வெரலு பாட்டுக்கு சுத்திட்டே இருக்கு. "என்ன வேல பாக்கிய"ன்னு கேட்டேன், "வேலையா, சும்மா வீட்லதான இருக்கேன்"னாவ. நானும் "வேலை இல்லை"ன்னு டிக் அடிச்சிட்டு வந்துட்டேன். இன்னைக்கும் அது மனச அறுக்கு. அவிய பொய் சொல்லல தாயி, அவியளுக்கு வேலன்னா வெளிய போய்ப் பாக்கது, என் படிவத்துல வேலன்னா கூலி வர்ற எதுவும், ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்ல.

அளவுகோல்ல ஒரு கோட்ட எங்க போடுதோம்ங்கறதுலயே கணக்கு மாறிரும். 2011 சென்சஸ்ல வருசத்துல ஆறு மாசமோ அதுக்கு மேலயோ வேல பாத்தா முதன்மைத் தொழிலாளி, கொறஞ்சா குறுந்தொழிலாளி. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல வேற வழி, முந்தின நாள் காலைல 4 மணில இருந்து மறுநாள் 4 மணி வரைக்கும் என்னென்ன செஞ்சியன்னு அரை மணி அரை மணியாக் கேட்டாவ. அப்பிடிக் கேட்டா இலை வெட்டுனது, சுத்துனது, கடைல கொண்டு குடுத்தது எல்லாம் தானா வந்து விழும், "சும்மா இருக்கேன்"ங்கறதுக்கு எடமே இல்ல.

இப்ப ஒன் அதிகாரத்துக்கு வருவோம். பெண்கள் அதிகாரத்தப் பத்தி ஆராஞ்ச நைலா கபீர் 1999ல இத மூணாப் பிரிச்சாவ: கைல இருக்க வளம், தானா முடிவெடுத்துச் செய்ய முடியறது, அதனால கெடைச்ச பலன். வளத்த மட்டும் எண்ணிட்டு அதிகாரம்னு எழுதிராத. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல பேங்க் கணக்கு இருக்கான்னு கேக்கதோட நிறுத்தாம, அந்தக் கணக்க நீங்களே பயன்படுத்துதியளான்னு கேக்காவ, அந்த "நீங்களே"ல தான் சமாச்சாரமே இருக்கு, நம்மூர்ல பாஸ்புக் இவ பேர்ல இருக்கும் ஏடிஎம் கார்டு புருசன் சட்டப்பைல கெடக்கும்.

இன்னொண்ணு, இது எந்தப் பாடப்புத்தகமும் ஒனக்குச் சொல்லாது. நம்ம பக்கம் "அவ வீட்ல ஒரே அதிகாரம் பண்ணுதா"ன்னா அது வசவு. "ஒங்களுக்கு அதிகாரம் உண்டா"ன்னு நீ கேட்டா எந்த அக்காவும் இல்லன்னுதான் சொல்லுவாவ. ஆனா அதே ஆளுவ "அந்த வீட்ல அவ சொல்லு எடுபடும்"னு பெருமையாப் பேசுவாவ. நீ தேடுதது அதத்தான். அதனால கேள்வி எழுதறதுக்கு முன்ன ரெண்டு வாரம், இலை குடுத்து சுத்துன பீடிய வாங்குத பீடிக்கடை வாசல்ல போய் உக்காரு, யாரு சொல்லு எங்க எடுபடுது, இலை பத்தலன்னா கைக்காசு போட்டு வாங்க யாருகிட்டக் கேக்காவ, பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு யாரு சொன்னாவ, இதெல்லாம் காதுல விழட்டும், அதுல இருந்து கேள்விய எடு.

மாமியார் பக்கத்துல இருக்கும்போது கேக்காத. "எல்லாம் அத்த இஷ்டந்தான்"னு மருமவ இன்னைக்கும் சொல்லுவாவ, அடுத்த மாசம் போனாலும் அதேதான் சொல்லுவாவ. ரெண்டு தடவயும் ஒரே பதில் வந்ததால நம்பகத்தன்மை இருக்குன்னு நெனப்ப, ஆனா நீ அளந்தது அதிகாரத்த இல்ல, மாமியார் மேல இருக்க பயத்த.

கேள்வி: என் கேள்வித்தாள்ல பத்து கேள்வி, க்ரான்பாக் ஆல்பா 0.95 வந்துட்டு. செல்லுபடியாகும்தான? (தென்காசி வாசகர்)

பதில்: ஆகும்னு சொல்ல முடியாது தம்பி. உளவியல் அறிஞர் க்ரான்பாக் 1951ல சொன்ன அந்த ஆல்பா, கேள்விக ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போவுதுன்னு மட்டுந்தான் காட்டும், சரியான பொருளத்தான் அளக்கியான்னு அதுக்குத் தெரியாது. ஒரே கேள்விய பத்து விதமா மாத்தி மாத்திக் கேட்டாலும் ஆல்பா ஏறத்தான் செய்யும். ஒண்ணுதான் உச்சம், அத ஒட்டி 0.95ன்னா எனக்கு அந்தச் சந்தேகந்தான் மொதல்ல வருது. பத்தையும் ஒங்க ஆத்தாகிட்ட வாசிச்சுக் காட்டு, "இதத்தான மொதல்லயே கேட்ட"ன்னு அவிய எங்கெங்க சொல்லுதாவளோ அதையெல்லாம் அடிச்சிட்டு மிச்சத்த எனக்கு எழுதி அனுப்பு.