தட்டு ஒன்றாக இருக்கட்டும்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு 11 வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறான். கழுத்தின் பின்புறம் கறுத்துப்போய் வெல்வெட் துணி மாதிரி ஆகிவிட்டது. மாமியார் அதை அழுக்கு என்று நினைத்து பயத்தம்மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டினோம். மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.9 என்று வந்தது. மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் வீட்டோடு சேர்ந்து குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "வளர்ற பிள்ளை வயித்தைக் காயப் போடுறியா" என்று மாமியார் கோபப்படுகிறார். வீட்டுக்காரர் வாரத்துக்கு மூன்று நாள் பரோட்டா பார்சலோடு வருகிறார். எட்டு வயது மகளோ ஒல்லிக்குச்சி. மகனுக்கு மட்டும் சப்பாத்தி போட்டுப் பார்த்தேன். அழுகிறான். என்ன செய்வது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: முதலில் உங்கள் மாமியாரிடம் அந்தத் தேய்ப்பை நிறுத்தச் சொல்லுங்கள், பாவம் பிள்ளை. அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சொன்ன பேச்சைத் திசுக்கள் கேட்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அப்படிக் கூடிப்போன இன்சுலின் காட்டும் அடையாளங்களில் கழுத்துக் கறுப்பும் ஒன்று. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்று கணக்கு. உங்கள் மகன் வாசற்படியில் நிற்கிறான், உள்ளே போகவில்லை. இந்த வயதில் திரும்பி வர நிறைய வழி இருக்கிறது.

"மகனுக்கு மட்டும் சப்பாத்தி" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் என் வீட்டு நினைவு வந்துவிட்டது. நான் 28 வருஷம் அரசு மருத்துவமனையில் உணவியல் நிபுணராக வேலை பார்த்தவள். என் இளைய மகன் பத்து வயதில் குண்டாகிக்கொண்டே போனான். ஊருக்கெல்லாம் சொல்கிறவள் வீட்டில் விடுவேனா? சமையலறையில் தராசு வைத்தேன். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். அவனுக்கென்று சின்னதாக ஒரு தனித் தட்டும் வாங்கினேன். மூன்று வாரம் எல்லாம் அழகாக நடந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கடியில் பெருக்கும்போது காலியான இறகுப்பந்து டப்பா ஒன்று உருண்டு வந்தது. திறந்தால் உள்ளே சுருட்டிச் சுருட்டித் திணித்த பிஸ்கெட் உறைகள். எண்ணினேன், பதினான்கு. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவன் ஒன்றுதான் கேட்டான்: "நீங்க எல்லாரும் சாப்பிடுறப்ப நான் மட்டும் ஏம்மா நோயாளி?" இப்போது அவனுக்கு 34 வயது. என் முன்னால் பிஸ்கெட் எடுக்கும்போது இன்றைக்கும் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். அந்தப் பார்வை என்னால் வந்தது.

அதனால் தனித் தட்டு வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். 'டயட்' என்ற சொல்லே உங்கள் வீட்டில் காதில் விழக்கூடாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இதே வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவதை நான் எழுதி வாங்கியபோதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் வரும். காலையில் ஐந்து இட்லி, பவுடர் கலந்து இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட பால். மதியம் டிபன் பாக்ஸ் நிறைய எலுமிச்சைச் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் பிஸ்கெட்டோ பப்ஸோ. உங்கள் ஊராக இருந்தால் தட்டுவடை செட். ராத்திரி நாலு தோசை. கூட்டினால் மாவுச்சத்து 300 கிராமை ஒட்டி வந்துவிடும். உடம்புக்கு, முக்கியமாக மூளைக்கு, ஒரு நாளைக்குத் தேவை என்று நிர்ணயித்திருப்பது 130 கிராம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நமக்கு வேலை. அந்த 130-க்குக் கீழே இறங்கி, மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட அறவே விலக்கிக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ அது இது என்று பிள்ளையை வைத்து வீட்டில் சோதனை செய்யாதீர்கள். கீட்டோ உணவு வலிப்பு நோய் உள்ள சில பிள்ளைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் வைத்தியம். உங்கள் மகனுக்கு அது தேவையில்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைய கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று இருக்கிறது. நம் வீடுகளில் முக்கால்வாசி தானியம்தானே. இதை அட்டவணை போட்டுத் திருத்த முடியாது. கரண்டியை மாற்றித்தான் திருத்த முடியும். சாதத்துக்கு இப்போது போடுகிற பெரிய அன்னக்கரண்டியைப் பொரியலுக்குப் போடுங்கள். பொரியலுக்கு வைத்திருந்த சின்னக் கரண்டியைச் சாதத்துக்குப் போடுங்கள். எல்லோருக்கும்தான். உங்கள் வீட்டுக்காரர் தட்டுக்கும் இதே சட்டம். பரிமாறும்போது முதலில் காய், பருப்பு, முட்டை. அவை பாதி தீர்ந்த பிறகு சாதம். அப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். வயிறும் பாதி நிறைந்துவிட்டதால் மறுசோறு கேட்க மாட்டான்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் பானங்களில் மட்டும் கை வையுங்கள். பாலில் கலக்கும் பவுடர் டப்பா தீர்ந்ததும் அடுத்தது வாங்க வேண்டாம். குளிர்பானம் வீட்டுக்குள் வர வேண்டாம். பாட்டில் ஜூஸும் அதே ஜாதிதான். பழத்தைக் கடித்துச் சாப்பிடட்டும். சர்க்கரையில்லாத பால் முதல் நாலு நாள் முகம் சுளிக்க வைக்கும். ஏலக்காய் தட்டிப் போடுங்கள், பழகிவிடும்.

அடுத்து காலைப் பலகாரம். ஐந்து இட்லி மூன்றாகட்டும், கூட இரண்டு முட்டை வையுங்கள். பக்கத்திலேயே நாமக்கல் இருக்கும்போது உங்களுக்கு முட்டைக்கு என்ன பஞ்சம்? ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்தோ ஒரு கிராம்கூட இல்லை. முட்டை சேர்க்காத வீடென்றால் பயறுச் சுண்டலோ பன்னீர்ப் பொரியலோ வையுங்கள். டிபன் பாக்ஸில் இரண்டு அறை இருக்குமே, பெரிய அறையில் இதுவரை சாதம் போயிருக்கும். இனி சின்ன அறைக்கு அது போகட்டும். பெரிய அறையில் முட்டைப் பொடிமாஸ், கொத்தவரங்காய் உசிலி, சோயா வறுவல் என்று அவன் நண்பர்கள் கை நீட்டுகிற மாதிரி ஏதாவது வையுங்கள். வெறும் கீரையை அடைத்துக் கொடுத்தால் அது சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மரவள்ளி மூன்றையும் காய் என்று எண்ணாதீர்கள். சாதத்துக்கு உருளை தொட்டுக்கொள்வது சோற்றுக்குச் சோறு தொட்டுக்கொள்வதுதான்.

உங்கள் மாமியார் விஷயத்தில்தான் நான் நிறைய யோசித்தேன். டாக்டர் சீட்டைக் காட்டி வாயடைக்கப் பார்க்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். "அத்தை, நீங்க சின்ன வயசுல என்ன சாப்பிட்டீங்க, அதை இவனுக்குச் செஞ்சு கொடுங்களேன்" என்று கேளுங்கள். கொள்ளுப்பருப்பு, தட்டைப்பயறுக் குழம்பு, பாசிப்பயறு கடைசல் எல்லாம் அவர் கைப்பக்குவம். சாதத்தைக் கொஞ்சமாக வைத்துக் கொள்ளுப்பருப்பைக் கெட்டியாக ஊற்றினால் அதற்குமேல் ஒரு சாப்பாடு உண்டா? ராத்திரி தோசைக்குப் பதில் வாரம் மூன்று நாள் அடை. அரிசி ஒரு பங்கு, பருப்பு வகை இரண்டு பங்கு, முருங்கைக்கீரை கை நிறைய. ஆளுக்கு இரண்டு அடை போதும், மூன்றாவது இறங்காது. அந்த மாவுக்குப் பொறுப்பு முழுக்க அவரிடம் இருக்கட்டும். பேரனைப் பட்டினி போடுகிறார்கள் என்ற கவலை போய், தன் அடையை அவன் இரண்டாவது முறை கேட்டான் என்ற பெருமை வந்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

வீட்டுக்காரரிடம் பரோட்டாவை விடச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். பார்சல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு அந்த சால்னா வாசனை வந்தால் எந்தப் பதினொரு வயதுப் பையன் சும்மா இருப்பான்? நானே இருக்க மாட்டேன். தட்டுவடை செட்டை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாரம் ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம், அப்பாவும் மகனும் நடந்தே போய் ஆளுக்கு ஒரு செட் சாப்பிட்டுவிட்டு நடந்தே வரட்டும். அவனுக்குத் திருடித் தின்ன அவசியம் இருக்காது. அப்பாவுக்கும் நடை வாய்க்கும்.

மற்ற நாட்களில் பள்ளி விட்டு வந்ததும் பசி கொல்லும். அவன் வருமுன்பே வேகவைத்த நிலக்கடலை, சுண்டல், மோர் என்று ஏதாவது மேசையில் தயாராக இருக்க வேண்டும். "என்ன வேணும்" என்று கேட்டால் பிஸ்கெட் என்றுதான் பதில் வரும்.

மகளைப் பற்றி. அவளுக்கும் இதே சாப்பாடுதான். கூடுதலாகச் சாதம், நெய், வாழைப்பழம் எடுத்துக்கொள்ளட்டும். "அவளுக்கு மட்டும் ஏன்" என்று அவன் கேட்பான், கட்டாயம் கேட்பான். "அவளுக்கு எடை ஏற வேண்டும், உனக்கு உயரம் ஏற வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட. வளரும் வயதில் பெரும்பாலும் எடையைக் குறைக்கத் தேவையிருக்காது. எடை அதே இடத்தில் நின்று உயரம் கூடினாலே கணக்கு நேராகிவிடும். ஆனால் அவளுக்கென்று சாக்லேட்டை ஒளித்து வைத்துக் கொடுக்காதீர்கள். அளவில் வித்தியாசம் இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். பண்டத்தில் வித்தியாசம் வந்தால் பொறுக்க மாட்டார்கள்.

வாராவாரம் எடை மெஷினில் ஏற்றாதீர்கள். ரத்தச் சோதனையையும் மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது; சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவசரப்பட்டுச் சீக்கிரமே எடுத்துப் பார்த்தால் பழைய கணக்கும் கலந்துதான் தெரியும். கழுத்துக் கறுப்பு இன்னும் மெதுவாகத்தான் மறையும்.

முடிவு வந்ததும் எழுதுங்கள். அடை மாவில் அத்தை அரிசியை எவ்வளவு கூட்டிவிட்டார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை. தினமும் நாலு ஊசி. சோறு, இட்லி எல்லாவற்றையும் அறவே நிறுத்தினால் இன்சுலினே தேவைப்படாது என்று உறவினர் ஒருவர் வீடியோ காட்டுகிறார். முயன்று பார்க்கலாமா?
— ஒரு தந்தை, தருமபுரி

பதில்: கூடாது ஐயா. மேலே அந்தச் சேலத்து அம்மாவுக்கு எழுதியது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அந்தப் பையனுக்கு இன்சுலின் அதிகம் சுரக்கிறது. உங்கள் மகளுக்குச் சுரப்பதே இல்லை, அல்லது இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் சுரக்கிறது. அவள் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் திசுக்களுக்குள் சேர்க்க இன்சுலின் வேண்டும். ஊசியை நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகி, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அந்த வீடியோவில் சொல்வது புது யோசனையும் இல்லை. இன்சுலின் வருவதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளை அமெரிக்காவில் அரைப்பட்டினி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள், மிஞ்சினால் சில வருஷங்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்ட பிறகுதான் அந்தக் கொடுமை முடிவுக்கு வந்தது. நாம் திரும்ப அங்கே போக வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊசியின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயங்கிவிடுவாள். மாவுச்சத்தைக் கொஞ்சம் மட்டாக்க நினைத்தால்கூட முதலில் அவளுடைய டாக்டரிடம் பேசுங்கள். எந்த வேளைக்கு எத்தனை கிராம், அதற்கு எத்தனை யூனிட் என்று எண்ணப் பழகுங்கள். சர்க்கரை இறங்கும் நேரத்துக்குக் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று அவள் பள்ளிப் பையில் எப்போதும் இருக்கட்டும். வகுப்பு ஆசிரியருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த வீடியோவை உறவினர் மறுபடி காட்ட வந்தால் ஊசி போடும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் பொறுமையை அவர் நேரில் பார்க்கட்டும்.

கேள்வி: மகளுக்காக வீட்டில் எல்லோரும் அரிசியை விட்டுத் தினை, கேழ்வரகுக்கு மாறி ஆறு மாதமாகிறது. எடை குறையவே இல்லையே?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: எத்தனை கேழ்வரகு தோசை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லையே! நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம், கேழ்வரகில் 67 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் நிறைய உண்டு, அதனால் அதை விட வேண்டாம். தோசையை இரண்டோடு நிறுத்திவிட்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள். ராத்திரி குடிக்கிற கேழ்வரகுக் கஞ்சியில் நாட்டுச் சர்க்கரை போடுகிறீர்களா? போட்டால் அதுவும் சர்க்கரைதான்.