வாட்டர்கேட் நடக்காமல் இருந்திருந்தால்? கேள்வி பதில்

1972 ஜூன் 17 அதிகாலையில், வாஷிங்டனில் உள்ள வாட்டர்கேட் வளாகத்தில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதை மூடிமறைக்கப் போய் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். இது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: சார், காவலாளி ஃபிராங்க் வில்ஸ் கதவுப் பூட்டில் ஒட்டியிருந்த டேப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நிக்சன் தப்பித்திருப்பார், இல்லையா?

அந்த ஓர் இரவுக்குத் தப்பித்திருப்பார். ஆனால் இதை ஏற்பாடு செய்த ஹோவர்ட் ஹன்ட்டும் கார்டன் லிடியும் 1971 செப்டம்பரிலேயே வேறொரு இடத்துக்குள் ஆள் அனுப்பியவர்கள். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியே கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவருடைய அலுவலகம் அது. இந்த வேலைக்கென்றே வெள்ளை மாளிகையில் ஒரு குழு இருந்தபோது, இன்றில்லாவிட்டால் நாளை ஏதாவது ஒன்று வெடித்திருக்கும். அதனால் அப்படி ஒரு குழுவே உருவாகவில்லை என்று எடுத்துக்கொண்டுதான் மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இந்த வேலையெல்லாம் செய்யாமல் 1972 தேர்தலில் அவரால் ஜெயித்திருக்க முடியுமா?

தாராளமாக. 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். எதிர்த்து நின்ற ஜார்ஜ் மெக்கவர்னுக்குக் கிடைத்தவை மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும்தான். அந்த அத்துமீறல் யாருக்குமே தேவைப்படவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கேள்வி: நிக்சன் 1977 வரை முழுதாக ஆண்டிருந்தால் அடுத்து யார் வந்திருப்பார்கள்? துணை அதிபர் ஆக்னியூவா?

இல்லை. ஸ்பைரோ ஆக்னியூ விழுந்ததற்கும் வாட்டர்கேட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. மேரிலாந்து ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கிய பணத்தை பால்டிமோரில் இருந்த மத்திய அரசு வழக்கறிஞர்கள் தோண்டி எடுத்தார்கள்; 1973 அக்டோபர் 10 அன்று அவர் விலகினார். இது எப்படியும் நடந்திருக்கும்.

மாறியிருக்கக்கூடியது அந்த இடத்துக்கு வந்த ஆள். நிக்சன் மனதில் இருந்தவர் டெக்சாஸின் முன்னாள் ஆளுநர் ஜான் கொனாலி. ஆனால் துணை அதிபரை நியமிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும், இரண்டிலும் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. கொனாலி சில மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கட்சியை விட்டு வந்தவர். ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்த நிக்சன் மோதலைத் தவிர்த்து, எல்லோரும் ஏற்கும் ஜெரால்டு ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தார். பலத்தோடு இருந்திருந்தால் கொனாலிக்காக மோதிப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் 1976-ல் நிக்சனின் குடியரசுக் கட்சிக்குள் கொனாலிக்கும் ரொனால்ட் ரீகனுக்கும் போட்டி. எதிர்ப்பக்கம் ஜிம்மி கார்ட்டர் வந்திருக்கவே மாட்டார். ஜார்ஜியாவுக்கு வெளியே அதிகம் தெரியாத ஒருவர், 'நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்' என்று சொல்லி அதிபரானது, பொய்யால் ஓர் அதிபர் விழுந்த நாட்டில் மட்டுமே நடக்கும். அவர் இடத்தில் ஹென்றி ஜாக்சன் போல நீண்டகால செனட்டர் ஒருவர் நின்றிருப்பார்.

யார் ஜெயித்திருப்பார்? எட்டு ஆண்டு ஆட்சி மீதான சலிப்பு, எண்ணெய் நெருக்கடி, 1975-ல் 9 சதவீதம் தொட்ட வேலையின்மை எல்லாம் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகம். ஒருவேளை ரீகனே 1976-ல் ஜெயித்திருந்தால்? 1979-ன் எண்ணெய் விலையேற்றமும் ஈரானில் பிணைக்கைதிகள் விவகாரமும் அவர் தலையில் விழுந்திருக்கும். 1980-ல் கார்ட்டரைத் தோற்கடித்த கோபம் அவரையே தோற்கடித்திருக்கலாம்.

கேள்வி: அண்ணா, நிக்சன் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கொண்டுவரப் பார்த்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த விஷயத்தில் இழந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1974 பிப்ரவரியில் அவர் அனுப்பிய திட்டத்தின்படி, முதலாளிகள் தங்கள் தொழிலாளர்களுக்குக் காப்பீடு தர வேண்டும். ஏழைகளுக்கும் வேலை இல்லாதவர்களுக்கும் அரசின் திட்டம். ஜனநாயகக் கட்சியின் எட்வர்டு கென்னடியும் வில்பர் மில்ஸும் ஏப்ரலில் ஒரு சமரச மசோதாவோடு வந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே தூரம் பெரிதாக இல்லை. ஆனால் தொழிற்சங்கங்கள் அந்தச் சமரசத்தை விரும்பவில்லை. அதிபர் ஆட்டம் கண்டிருக்கிறார், நவம்பர் தேர்தலில் இன்னும் சாதகமான அவை அமையும், பொறுத்திருப்போம் என்று நினைத்தன.

அவை சாதகமாகத்தான் அமைந்தது, சட்டம்தான் வரவில்லை. ஏறக்குறைய அதே வடிவில் ஒன்று ஒபாமா காலத்தில், 2010-ல் வந்தது. இடையில் 36 ஆண்டுகள். வாட்டர்கேட் இல்லாவிட்டாலும் அந்த மசோதா தோற்றிருக்கலாம். ஆனால் சங்கங்களுக்குக் காத்திருக்க ஒரு காரணம் இருந்திருக்காது.

கேள்வி: வியட்நாமில் தோற்றதற்கு வாட்டர்கேட்தான் காரணம் என்று நிக்சனின் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் சொன்னதை நம்பலாமா?

நான் நம்பவில்லை. வியட்நாமையும் அண்டை நாடுகளையும் சேர்த்த இந்தோசீனாவில் அமெரிக்க ராணுவ நடவடிக்கைகளை 1973 ஆகஸ்ட் 15-க்குப் பின் தடுத்த சட்டத்தின் பின்னால் பல ஆண்டுப் போர்ச் சலிப்பு இருந்தது. பலமான நிக்சன் குண்டுவீச்சைக் கொஞ்ச காலம் நீட்டித்திருப்பார். தென் வியட்நாமின் தலைநகர் சைகான் 1975 ஏப்ரலில் விழாமல் இன்னும் சில காலம் கழித்து விழுந்திருக்கும்.

கேள்வி: அரசின் மேல் அமெரிக்கர்களுக்கு நம்பிக்கை போனது இதனால்தானே?

பாதிதான். வாஷிங்டன் அரசை நம்புகிறோம் என்றவர்கள் 1964-ல் 77 சதவீதம், 1972-ல் 53, 1974-ல் 36. முதல் சரிவு வியட்நாமும் இனக்கலவரங்களும் கொண்டுவந்தது. வாட்டர்கேட் இல்லாமலும் பழைய நம்பிக்கை திரும்பியிருக்காது.

கேள்வி: அப்படியானால் உண்மையில் எதுதான் மாறியிருக்கும், சார்?

சட்டங்கள். 1974-ல் தேர்தல் நிதிக்கு வரம்பும் அதைக் கண்காணிக்க ஓர் ஆணையமும் வந்தன. 1978-ல் வந்த சட்டம், அதிபரின் ஆவணங்கள் அவருடைய சொந்தச் சொத்து அல்ல, நாட்டுக்குச் சொந்தம் என்றது. அதே ஆண்டு உயர் பதவியில் இருப்பவர்களை விசாரிக்கும் தனி விசாரணை வழக்கறிஞர் முறையும் சட்டமானது. அந்த முறையில்தான் கென்னத் ஸ்டார் நியமிக்கப்பட்டார். அதிபர் கிளின்டன் தொடர்பான நிலபேர விவகாரத்தில் தொடங்கிய விசாரணை 1998-ல் அவர் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தில் போய் நின்றது. வாட்டர்கேட் இல்லையென்றால் அந்த வழியே இல்லை.

கேள்வி: உச்ச நீதிமன்றத்தை யாரும் பேசுவதில்லையே?

நல்ல கேள்வி, இதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும். நீதிபதி வில்லியம் டக்ளஸ் பக்கவாதத்தால் 1975 நவம்பரில் ஓய்வு பெற்றார். அவரைப் பதவிநீக்கம் செய்ய 1970-ல் முயன்றவரே, நிக்சன் விலகியபின் அதிபரான ஃபோர்டு. உடல்நிலை விட்டிருந்தால் டக்ளஸ் ஃபோர்டு காலத்தில் போயிருக்க மாட்டார். ஆகவே நிக்சன் காலத்திலும் அந்த இடம் காலியாகியிருக்கும். அவருக்கு அது ஐந்தாவது நியமனம், ஒன்பதில் ஐந்து.

ஃபோர்டோ, ஊழலின் வாடை இல்லாத, எல்லோரும் ஏற்கும் ஒருவரைத் தேடி ஜான் பால் ஸ்டீவன்ஸை நியமித்தார். செனட்டில் 98-0. அவர் 2010 வரை இருந்தார். கருக்கலைப்பு உரிமையின் அடிப்படையை 1992-ல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியபோது ஐந்துக்கு நான்கு. ஸ்டீவன்ஸ் அந்த ஐவரில் ஒருவர். அந்த நாற்காலியில் நிக்சன் தேர்ந்தெடுத்த பழமைவாதி இருந்திருந்தால், அந்த உரிமையை நீக்கி 2022-ல் வந்த தீர்ப்பு 30 ஆண்டு முன்பே வந்திருக்கலாம். ரீகன் அதிபராகாத உலகில் அவர் நியமித்த சான்ட்ரா டே ஓ'கானரும் ஆன்டனி கென்னடியும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள், அவர்களும் அதே ஐவரில் உண்டு. அந்த இரண்டு இடங்களையும் யார் நிரப்பியிருப்பார் என்பது 1976, 1980 தேர்தல்களைப் பொறுத்தது.