பதில்: வெள்ளவத்தை மாடியிலிருந்து டைக்கோவின் துணை விண்மீனைத் தேட முடியுமா?

8 அங்குலத் தொலைநோக்கியால், உயர்தரச் செயற்திட்டத்துக்காக, 1572இல் வெடித்த டைக்கோ மீயொளிர் விண்மீனின் (சூப்பர்நோவா) துணையை, அதாவது வெடிக்குமுன் அதோடு சேர்ந்து சுற்றிய விண்மீனைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேரே பார்ப்பது நடக்காது. அந்தத் துணை என்று 2004இல் முன்மொழியப்பட்ட 'டைக்கோ ஜி' விண்மீன் ஏறத்தாழ 19ஆம் பருமன் (பருமன் எண் கூடக்கூட ஒளி மங்கல்). கொழும்பு வெளிச்சத்தில் அதன் கிட்டவும் போக முடியாது. அதுதான் உண்மையான துணையா என்பதிலேயே இன்னும் சண்டை.

தொலைநோக்கியை விட்டுவிட்டு, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் (Gaia) தரவை எடுங்கள், இலவசமாகக் கிடைக்கும். டைக்கோவின் துணையை விட்டு, வேறு வெடிப்புகளில் தப்பிய துணைகளை அதில் தேடலாம். இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்) மிக நெருங்கிச் சுற்றும்போது ஒன்று முழுதாக வெடித்துப்போனால், மற்றதைப் பிடித்துவைக்க ஈர்ப்பு இல்லை. சுற்றிய வேகத்திலேயே அது பறந்துவிடும், கவணிலிருந்து விடுபட்ட கல் மாதிரி. 2018இல் கென் ஷென் குழு கையாவின் இரண்டாம் வெளியீட்டில் இப்படி மூன்றைக் கண்டது. வேகம் நொடிக்கு 1000 கிலோமீட்டருக்கும் மேல். அவற்றில் டி6-2 (D6-2) என்பது வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வெடிப்பெச்சத்துக்கே (வெடித்த விண்மீன் விட்டுச்சென்ற வாயு மேகம்) போகிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்.

கணக்கு லேசு: ஆண்டுக்கான தன்னியக்கத்தை (வானில் விண்மீன் நகரும் கோணம்) இடமாறு கோணத்தால் (parallax, தொலைவைச் சொல்லும் கோணம்) வகுத்து (இரண்டும் மில்லி விகலையில், அதாவது milliarcsecond) 4.74ஆல் பெருக்குங்கள், நம் பார்வைக்குக் குறுக்கே போகும் வேகம் நொடிக்குக் கிலோமீட்டரில் வரும். முதலில் டி6-2க்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இடமாறு கோணத்தின் பிழையைக் கட்டாயம் பாருங்கள். பிழை பெரிதென்றால் சும்மா இருக்கும் விண்மீனும் பறப்பதுபோலத் தெரியும்.